பதினோரு நாள் ஒட்டியிருந்த டேப்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் சக்கரம் வரைக்கும் தெரியும். அதனாலோ என்னவோ சின்ன வயதிலிருந்தே விமானப் பைத்தியம். பதினைந்து வருடமாக 1:72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு நீளத்தில், பிளாஸ்டிக் மாடல் கட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாமே கையகலத்துக்கு அடங்குகிறவை. பீரோ மேல் இரண்டு வரிசை நிற்கின்றன, வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. 2024 தீபாவளி போனஸ் வந்ததும் புத்தி கெட்டு, ஜப்பானின் தமியா கம்பெனியின் 1:32 ஸ்பிட்ஃபயர் மார்க் 8 (இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானம்) பெட்டியை வரவழைத்தேன். சுங்கவரி, கூரியர் எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரத்துச் சொச்சம். வீட்டில் பன்னிரண்டாயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் உண்மையான தொகையை எழுதுகிறேன்.

கட்டுகிற வேலை சொர்க்கம். பாகங்கள் அச்சாகப் பொருந்தின, நாலு மாதம் போனதே தெரியவில்லை. இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை 35 சென்டிமீட்டர். 1:72 மாடலைவிட நீளத்தில் இரண்டே கால் மடங்குதான், ஆனால் பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பு ஐந்து மடங்கு. இந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டுவிட்டேன், அதற்குத் தகுந்தாற்போல் பெயிண்டும் கூடுதலாக வாங்கினேன். பெயிண்ட் ஐந்து மடங்கு என்றால், ஒரு நிறம் அடிக்கும்போது மற்ற இடங்களை மறைக்க டேப் ஒட்டுகிற வேலையும் (மாஸ்கிங் என்பார்கள்) ஐந்து மடங்கு, அதனால் ஒட்டிய டேப் அத்தனை நாள் மாடல்மேலேயே கிடக்கும் என்ற மிச்சக் கணக்கைத்தான் போடவில்லை. என் எட்டு மாதம் அங்கேதான் போனது.

நான் எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் நம் விமானப்படையின் 8-ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டிய ஸ்பிட்ஃபயர். மேலே பழுப்பும் கரும்பச்சையும், அடியில் சாம்பல் நிறம். வட்டச் சின்னத்தில் சிவப்பு இருக்காது, அடர் நீலத்துக்குள் வெளிர் நீலம் மட்டும்தான். சிவப்பு இருந்தால் ஜப்பான்காரர்களின் சிவப்பு வட்டம் என்று நினைத்து நம்மாட்களே சுட்டுவிடுவார்கள் என்பதால் அந்த முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். அடையாளத்துக்காக இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை வேறு. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மாஸ்கிங் செய்கிறவனுக்கு இதைவிடக் கொடுமையான திட்டம் கிடையாது. கரும்பச்சைக்கு மேல் வெள்ளையை அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் சரியாக மூடாது, தடிமன் ஏறி மேடு தட்டும். அதனால் வெள்ளையை முதலில் அடித்து, பட்டையின்மேல் டேப் ஒட்டி மறைத்து, அப்புறம்தான் மற்ற நிறங்களுக்குப் போக வேண்டும். முதலில் ஒட்டிய டேப் கடைசியில்தான் வரும்.

இனி தப்புகளுக்கு வருகிறேன். முதல் தப்பு, பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரை அடிக்கவில்லை. பிளாஸ்டிக்கே சாம்பல் நிறம்தானே, அதன்மேல் எதற்கு இன்னொரு சாம்பல் என்று விட்டுவிட்டேன். கட்டி முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவவும் இல்லை. இரண்டாவது தப்பு, டேப். இந்த வேலைக்கென்றே ஜப்பான் காகிதத்தில் செய்த மஞ்சள் டேப் இருக்கிறது, சின்ன மாடல்களுக்கு அதைத்தான் வைத்திருந்தேன். பெரிய இறக்கைக்கு அது பத்தவில்லை. ஒரு ரோல் முந்நூற்றுச் சொச்சம், நாலைந்து ரோல் வேண்டும். தெருமுனை ஹார்ட்வேர் கடையில் கார் பெயிண்டர்கள் வாங்கும் வெள்ளை மாஸ்கிங் டேப் நாற்பது ரூபாய். பிளாஸ்டிக்குக்கு ஒட்டுமா என்று கேட்டேன். “காருக்கே ஒட்டுது சார், உங்க பொம்மைக்கு ஒட்டாதா?” என்றார். அவர்மேல் தப்பே இல்லை. நான் கேட்டிருக்க வேண்டியது ஒட்டுமா என்றல்ல, உரிந்து வருமா என்று.

ஏப்ரல் கடைசியில் வெள்ளை, சாம்பல், பழுப்பு எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அடுத்தது பச்சை. பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் கோடு கத்தி மாதிரி இருக்கக் கூடாது, லேசாக மங்கலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு, பிசின் மாதிரி ஒட்டும் வெள்ளை டாக்கைக் கயிறாக உருட்டி எல்லையில் வைத்து, அதற்குப் பின்னால் டேப்பும் காகிதமும் ஒட்டுவார்கள். டாக் கையில் இல்லை. மகளின் கலர் க்ளே இருந்தது. படர்கொடி போல வளைத்து வளைத்து இறக்கை முழுக்க வைத்தேன். பின்னால் ஹார்ட்வேர் டேப், மிச்சத்துக்குப் பழைய பேப்பர். ஆபீஸ் போய் வந்து ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். இடது இறக்கை முடியவே மூன்று நாள். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு ஆடிட். எல்லாம் ஒட்டி முடித்துப் பச்சை அடித்து, நாளைக்கு உரிக்கலாம் என்று எண்ணிப் பார்த்தால் வெள்ளைப் பட்டையில் ஒட்டிய முதல் டேப்புக்கு வயது பதினோரு நாள். அதுவும் எப்போது? அக்னி நட்சத்திரம். எங்கள் வீடு மேல்மாடி, மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் காய்ந்து ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். “ஏங்க, இது விமானமா, கட்டுப் போட்ட கோழியா?” என்று மனைவி கேட்டபோது சிரித்தேன்.

உரித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை மறக்க முடியாது. வலது இறக்கையின் பட்டையிலிருந்து ஆரம்பித்தேன். முதல் ஒரு அங்குலம் நன்றாக வந்தது. அப்புறம் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். டேப்போடு சேர்ந்து வெள்ளை, பழுப்பு, பச்சை மூன்றும் ஒரே தோலாகக் கழன்று வந்து, அடியில் வெறும் பிளாஸ்டிக் பளபளத்தது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உரிந்த திட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முட்டை வடிவம், உள்ளே வளைந்து வளைந்து மெல்லிய கோடுகள். என் கட்டை விரல் ரேகை. முறுக்கு தின்றுகொண்டே மாடலைத் தூக்கிய விரல். அந்த எண்ணெய் இருந்த இடத்தில் பெயிண்ட் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை, மேலே சும்மா படுத்திருந்திருக்கிறது. மற்ற இடங்களில் பெயிண்ட் தப்பித்தது, ஆனால் டேப்பின் கோந்து உருகி அதன்மேல் படிந்துவிட்டது. விரல் வைத்தால் நூல் நூலாக வந்தது. க்ளே இருந்த இடமெல்லாம் எண்ணெய்க் கறை. தின்னர் ஈரம் பட்டுப் பழைய பேப்பரின் மை கழன்று, வால் பக்கத்து வெள்ளையில் ஏதோ நகைக்கடை விளம்பரம் தலைகீழாகப் பதிந்திருந்தது.

அப்போதாவது கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கோந்தைத் துடைக்கிறேன் பேர்வழி என்று பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடுத்தேன். நான் அடித்திருந்தது தமியா அக்ரிலிக், ஆல்கஹால் அதைக் கரைக்கும் என்பது எனக்கே தெரியும். பெயிண்டைக் காற்றோடு சேர்த்துத் தெளிக்கும் ஏர்பிரஷைக் கழுவுவதே அதில்தான். பதற்றத்தில் புத்தி வேலை செய்யவில்லை. இரண்டு தேய்ப்பில் நல்லாயிருந்த இடமும் போச்சு. கோந்து ஒட்டிவிட்டால் செய்ய வேண்டியது இதுதான்: அதே டேப்பைச் சின்ன உருண்டையாக்கி, கோந்தின்மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள், பாதிக்கு மேல் வந்துவிடும். மிச்சத்துக்கு சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தைப் பஞ்சில் துளி தொட்டு, மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, அழுத்தாமல் துடையுங்கள். அக்ரிலிக்கை அது பொதுவாக ஒன்றும் செய்யாது.

மாடலைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நாலு மாதம் திறக்கவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது, நாற்பத்தாறு வயது ஆள் பொம்மைக்காக ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் வெளியில் சொல்ல முடியுமா? செப்டம்பரில் ஒருநாள் பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடையில் இரண்டு லிட்டர் ஆல்கஹால் வாங்கி வந்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து முழுப் பெயிண்டையும் எடுத்தேன். மூன்று ஞாயிறு போனது. செலவையும் சொல்லிவிடுகிறேன். வீணான பெயிண்ட், தின்னர், ஆல்கஹால், மறுபடி வாங்கிய பெயிண்ட் எல்லாம் ஆறாயிரத்து ஐந்நூறு. நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது டேப்பில் ஆயிரம் ரூபாய்.

அடுத்த முயற்சி நவம்பரில், அதுவும் மழைக்காலத்தில். இந்த முறை மாடலைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, கையுறை போட்டு, மிஸ்டர் சர்ஃபேசர் பிரைமர் அடித்தேன். அடித்த பத்தாவது நிமிடம் சாம்பல் பரப்பில் பால் சிந்தினாற்போல் வெள்ளை வெள்ளையாக மேகம். லாக்கர் வகை பெயிண்டில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோய், காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிகிறது. குளிர்ந்த சொம்பின் வெளியே வேர்க்குமே, அதே கதை. போதாக்குறைக்கு ஏர்பிரஷிலிருந்து ‘ப்ளக்’ என்று தண்ணீர்த் துளி தெறித்தது. ஏர்பிரஷுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் டேங்கின் அடியில் ஒரு திருகு இருக்கும். வாங்கியதிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. திறந்தால் துருநிறத்தில் அரை டம்ளர் தண்ணீர். சென்னையில் இருக்கிறவர்கள் ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் அந்தத் திருகைத் திறந்துவிடுங்கள். காற்றுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். வெள்ளை மேகத்தைச் சுரண்ட வேண்டியதில்லை என்பதைச் சுரண்டிய பிறகு தெரிந்துகொண்டேன். காற்று உலர்ந்த ஒரு நாளில், மெதுவாகக் காய வைக்கும் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மேலோட்டமாக ஒரு புகை அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ரிச்சி தெருவில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கினேன், இந்த மாடலுக்குச் செய்த உருப்படியான செலவு அதுதான். ஒரு வாரம் எழுதிப் பார்த்ததில், விடியற்காலை குளுகுளுவென்று இருக்கிறதே என்று நாம் அடிக்க உட்காரும் நேரம்தான் மோசம், ஈரம் உச்சத்தில் இருக்கிறது. வெயில் ஏற ஏறக் குறைகிறது. மதியத்துக்குமேல் கடல்காற்று உள்ளே வந்ததும் மறுபடி ஏறுகிறது. எங்கள் வீட்டில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைதான் நல்ல நேரம். மே மாதத்தில் அதே நேரம் வேறு தொல்லை. பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழும், உப்புத்தாள் போலாகும். ஆகவே பெரிய மாடலுக்கு ஜனவரி, பிப்ரவரிக்காகக் காத்திருங்கள். சின்னதை எப்போது வேண்டுமானாலும் ஒப்பேற்றிவிடலாம்.

பொங்கல் விடுமுறையோடு நாலு நாள் லீவு போட்டு உட்கார்ந்தேன். போகி அன்று ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று தனியாக எழுத வேண்டியிருக்கிறது. புகை இழுக்கும் விசிறி உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, தெருவில் எரிந்த கரியெல்லாம் அடுத்த ஜன்னல் வழியாக உள்ளே வந்து வெள்ளைமேல் உட்கார்ந்தது. அன்றைய வேலையைக் காயவிட்டு, நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மறுநாள் திரும்ப அடித்தேன்.

இந்த முறை எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றுதான்: ராத்திரி ஒரு டேப்கூட மாடல்மேல் தூங்கக் கூடாது. முழு விமானத்தையும் மூடிவிட்டு அடிப்பதை விட்டேன். பழுப்பு அடித்த அன்றே வெள்ளைப் பட்டையின் டேப்பை எடுத்தேன். இரண்டு நாள் காயவிட்டேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், அதன்மேல் டேப் வைக்கக் கூடாது. அப்புறம் பச்சைக்கு, இடது இறக்கையை மட்டும் காலையில் மறைத்து, பதினொரு மணிக்கு அடித்து, சாயங்காலம் உரித்தேன். மறுநாள் வலது. அதற்கு அடுத்த நாள் உடல். பட்டையை மூன்று முறை மறைக்க வேண்டி வந்தது, டேப் கூடுதலாகச் செலவானது, போகட்டும். ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரும் எல்லை இறக்கை மூட்டிலோ தகட்டுக் கோட்டிலோ (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடு) விழும்படி பார்த்துக்கொண்டால் இணைப்பு தெரியாது. பெயிண்டை மட்டும் பிரிக்கக் கூடாது. தமியாவின் சின்ன பாட்டில் 10 மில்லிதான். நாலு பாட்டில் எக்ஸ்எஃப்-81 பச்சையையும் ஒரே ஜாடியில் ஊற்றி, மிஸ்டர் லெவலிங் தின்னர் கலந்து, மூன்று நாளும் அதிலிருந்தே எடுத்தேன். ஏப்ரலில் பாதி இறக்கையில் பாட்டில் தீர்ந்து, புதிதாகக் கலந்தது வேறு பச்சையாகத் தெரிந்தது. சொல்ல மறந்துவிட்டேன், உரிந்துபோன துக்கத்தில் அது பெரிதாகப் படவில்லை.

டேப் ஒட்டுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரோலின் ஓரம் பார்க்க நேராக இருந்தாலும் தூசியும் பஞ்சும் அதில்தான் ஒட்டியிருக்கும். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் டேப்பை ஒட்டி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து, புது பிளேடால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் சீவி எறிந்துவிட்டு அந்தப் புது ஓரத்தைப் பயன்படுத்துங்கள். மாடலில் வைக்கும் முன் ஜீன்ஸ் துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பிடிப்பு குறையும். உள்ளங்கையில் ஒட்டலாம் என்பார்கள், சென்னையில் உள்ளங்கை எப்போது காய்ந்திருக்கிறது? ஓரத்தைப் பல்குச்சியின் மழுங்கிய பக்கத்தால் நீவுங்கள், தகட்டுக் கோட்டுப் பள்ளத்தில் குறிப்பாக. அப்புறம், பச்சை அடிக்கும் முன் அந்த ஓரத்தில் அடியில் இருக்கும் பழுப்பையே லேசாக ஒரு முறை அடித்துவிடுங்கள். எங்காவது இடுக்கு இருந்தால் பழுப்பு போய் அடைத்துவிடும், பழுப்புக்குள் பழுப்பு கசிந்தால் யாருக்குத் தெரியும்? பட்டை ஓரத்துக்கு வெள்ளையால் இதைச் செய்தேன். ஏர்பிரஷை டேப் ஓரத்துக்கு எதிராகப் பிடிக்காமல், டேப்பின் பக்கமிருந்து வெளியே பார்த்து அடியுங்கள், காற்றழுத்தம் பதினைந்து இருபது பிஎஸ்ஐ போதும். உரிக்கும்போது நேராக மேலே தூக்காமல், டேப்பைத் தன்மேலேயே மடித்து, பரப்போடு ஒட்டினாற்போல் மெல்ல இழுங்கள். மறைப்புக்குப் பழைய பேப்பர் வேண்டாம், அச்சில்லாத வெள்ளைக் காகிதம் போதும். வட்டச் சின்னத்துக்கு வண்டி நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வினைலில் வட்டம் வெட்டி வாங்கினேன். ஒரு வீண் பாகத்தில் சோதித்தபோது அது பிரைமரையே பெயர்த்தது. வண்டிக்கானது வண்டிக்குத்தான். வட்டம் வெட்டும் காம்பஸில் பிளேடு பொருத்தி மஞ்சள் டேப்பிலேயே வெட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குள் லாக்கர் அடிக்கிறவர்கள் தின்னர் ஆவியைப் பிடிக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டர் முகமூடி வாங்குங்கள். என்-95 தூளைத்தான் பிடிக்கும், தின்னர் ஆவி அதன் வழியே தாராளமாக உள்ளே வரும். பூஜை அறை விளக்கு எரியும்போது அடிக்கவே கூடாது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை.

பச்சையை உரித்த கடைசி நாள் சாயங்காலம் மனைவியும் மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். டேப் வந்தது, பெயிண்ட் வரவில்லை. இடது இறக்கையின் பட்டையில் ஒரு கடுகளவு பச்சை கசிந்திருந்தது, நுனி பிரஷால் வெள்ளை தொட்டு மூடினேன். வலது இறக்கையில் ஈரப் பச்சைமேல் ஒரு கொசு உட்கார்ந்து அங்கேயே செத்திருந்தது. ஈரத்தில் எடுக்கப் போனால் இழுபடும், தொடாதீர்கள். மறுநாள் காய்ந்ததும் ட்வீசரால் எடுத்து, லேசாகத் தேய்த்து, ஒரு துளி பச்சை அடித்துவிட்டேன். ஒரு கால் மட்டும் வரவில்லை. சாய்த்துப் பார்த்தால் வட்டச் சின்னத்துக்குப் பக்கத்தில் இன்னும் தெரியும்.